பக்கத்து மனை

கை தூக்கியவர் அவர் ஒருவர்தான்.

நகர்மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். உறுப்பினர்கள் நாற்காலிகளில் சாய்ந்துகொண்டார்கள். இனி எப்படியும் நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மன்ற ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இருந்தாலும்'. எல்லாம் சரிதான், இருந்தாலும் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். பூங்காவில் பெஞ்சு போட்டால் ஆட்சேபணை. பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைத்தால் ஆட்சேபணை. தள்ளி வைக்காவிட்டாலும் ஆட்சேபணை.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை நெரிசலில் நின்றே கழித்தவர். மனைவி போனபிறகு மன்றக் கூட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

ஆற்றில் மணல் அள்ள அனுமதி கொடுக்கும் பேச்சு வந்தபோதும், கரை தாங்காது என்று அவர்தான் எழுந்து நின்றார். அந்த வேலையை நம்பி அவர் தெருவிலேயே பாதிப் பேர் காத்திருந்தார்கள். அவர் போட்ட ஆட்சேபணையில் அனுமதி பல மாதம் இழுத்தது. அத்தனை மாதமும் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது அரைகுறையாகத்தான்.

ஒருவழியாக அனுமதி வந்தது, லாரிகளும் வந்தன. தெரு மட்டும் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

போன மழையில் கரை சரிந்தது. ஆறு இரண்டு வீடுகளின் பின்சுவரை எடுத்துக்கொண்டு போனது. தெருவையே காலி செய்து மேட்டு நிலத்தில் குடியமர்த்த வேண்டும். இன்றைக்கு வந்திருந்தது அந்தத் தீர்மானம்.

'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது? தலைவர் காலையிலேயே திட்ட அலுவலரான பெண்ணைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்துவிட்டார். மணலால் மட்டும்தான் கரை சரிந்தது என்று சொல்லிவிட முடியாது, மழையும் வழக்கத்தைவிட அதிகம் என்றெல்லாம் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தெருக்காரர்கள் பின்பக்க பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெஞ்சில் அவர் மட்டும்.

மேட்டு நிலம் நல்ல இடம்தான் என்றார். மைக் தேவைப்படாத குரல்.

எல்லோரும் அந்த அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லைங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அங்க என் பக்கத்து வீட்டுல யாராவது இருப்பாங்களா?"

உறுப்பினர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். இவ்வளவுதானா என்கிற நிம்மதிச் சிரிப்பு. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திட்ட அலுவலர் பக்கம் திரும்பினார்.

மனப்பாடம் செய்த எதுவும் அவளுக்கு உதவவில்லை.

புது இடத்தில் என்ன வேண்டும் என்று அவள்தான் வீடுவீடாகப் போய்க் கேட்டு வந்தவள். ஒரு வீட்டில் சமையலறைக்குப் பெரிய ஜன்னல் கேட்டார்கள். ஒரு அம்மா தன் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னாள். எல்லாம் சொல்லி முடித்து, வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார்கள். அந்த மனுஷன் பக்கத்தில் மட்டும் எங்களைப் போட்டுவிடாதீர்கள். சொல்லி வைத்தாற்போல் ஒவ்வொரு வாசலிலும் இதே பேச்சு.

அவர் வீட்டுக்கும் போனாள். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். டீ போட்டுக் கொடுத்தார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. இப்போது இருக்கிற வரிசையிலேயே எல்லாரையும் போட்டால் போதும், பழகின முகங்கள் இல்லையா என்றார்.

அவள் அவருக்கு வரிசையின் கடைசி மனையை ஒதுக்கினாள். ஒரு பக்கம் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறை. மறுபக்கம் மண் சரியாமலிருக்க மரம் வளர்க்க விட்ட நிலம். அங்கே எந்தக் காலத்திலும் யாரும் வீடு கட்ட முடியாது. யாருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் வேலை முடிந்தது என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அவள் பின்பக்க பெஞ்சுகளைப் பார்த்தாள். ஒருவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பக்கத்தில் வீடு கேட்ட அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை.

"இருப்பாங்க ஐயா," என்றாள்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் கலைந்தபின் அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். மக்கள் பார்வைக்காக மனை வரைபடத்தை அங்கே பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். அவள் குண்டூசிகளைப் பிடுங்க ஆரம்பித்ததும் உதவிக்கு வாட்ச்மேன் வந்தார்.

அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டே பிடுங்கினார். அந்தப் பெரியவர் இன்றைக்குக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டாராம். கண்ணாடியை மறந்து வந்ததால் தன் மனை எது என்று இவரிடம்தான் கேட்டாராம். இவர்தான் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாராம். அந்தப் பக்கம் என்ன, இந்தப் பக்கம் என்ன என்று கேட்டு, இவர் படித்துச் சொல்லச் சொல்ல ரொம்ப நேரம் அங்கேயே நின்றாராம்.

அவள் வரைபடத்தின் கடைசி மனையைப் பார்த்தாள்.

"இதுலதான் எல்லாம் போட்டிருக்கே, உள்ள போய் வேற என்ன கேக்கப் போறீங்கன்னேன். எல்லாரும் வருவாங்கல்ல, யாராவது பக்கத்துல நான் வரேன்னு சொல்றாங்களான்னு பாக்கறேன்னாரு."