திரும்பிய பஸ்

மேட்டுக்களத்தில் பிள்ளை பிறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இளவட்டங்களெல்லாம் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். புதிதாக ஊருக்குள் வந்தவர்கள் நூல்மில்லில் வேலை பார்த்த ஜார்கண்ட்காரர்கள் மட்டும்தான். அவர்களில் ஒருத்தி ரூப்மதி. பிரசவத்துக்குத் தாய்வீடு போக, ரயிலைப் பிடிக்கவென்று கணவன் சுக்தேவோடு பஸ் ஏறியவளுக்கு ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே வலி எடுத்துவிட்டது.

"வண்டியைத் திருப்புங்கண்ணா!" என்று கண்டக்டர் கத்தினார்.

ஓய்வுபெற்ற நர்ஸ் பாவாயம்மாளின் வாசலில் பஸ் நின்றது. ரூப்மதியை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். கிளம்பலாம் என்று பயணிகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சுக்தேவ் வாசலிலிருந்த வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். நெடுநேரம் கழித்து வீறிட்டு ஓர் அழுகை கேட்டது. டிரைவர் தன்னை மறந்து ஹாரனை அழுத்த, தோட்டங்களில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள்.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க! தாயும் புள்ளையும் நல்லாருக்காங்கோ," என்று கண்களைத் துடைத்தபடி வெளியே வந்தார் பாவாயம்மாள்.

"எங்கூட்டுல இருக்கட்டுமுங்க. ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்குது," என்றாள் ஓடிவந்தவர்களில் ஒருத்தி.

"அதெப்புடி? தூளி கட்டறதுக்கு எங்கூட்டு விட்டந்தான் தோது," என்று இன்னொருத்தி மல்லுக்கு நின்றாள்.

"தம்பி, உங்க ரயிலு?" என்றார் கண்டக்டர்.

"ரயில் போகட்டும்ணே," என்று சிரித்தபடி சுக்தேவ் பஸ்ஸிலிருந்து பைகளை இறக்கினான். அவற்றை அவன் தரையில் வைப்பதற்குள் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பையைப் பிடுங்கிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள்.