சொந்த நம்பர்

ஈஸ்வரின் கண்ணில் முதலில் பட்டவை அவள் நகங்கள்தாம். ஒன்றில் சிவப்பு, அடுத்ததில் மஞ்சள், கட்டை விரலில் இரண்டும் பாதிப் பாதி. புகார் சொல்ல வந்தவளுக்கு இத்தனை நெயில் பாலிஷா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

வேலை தேடித் தருகிற ஆப் ஒன்றின் சூரமங்கலம் அலுவலகம் அது. ஈஸ்வர் அங்கே குறைதீர்க்கும் அதிகாரி. வருகிறவர்களின் குறை தீர்ந்ததோ இல்லையோ, அவனுக்கு ஏ.சி. அறையும் சுழல் நாற்காலியும் உண்டு.

"பேரு நர்மதாங்க. நாமக்கல்லுல இருந்து வாரேன். உங்க ஆப்புல வேலைக்குப் பதிஞ்சு வெச்சேன். வேலை ஒண்ணும் வரலைங்க, கண்டவனும் கூப்பிடறான்."

கணினியைத் தட்டினான். பெயர், வயது, படம், முகவரி, தொழில் எல்லாம் திரையில் வந்தன. அவன் வயதையும் படத்தையும் மட்டும் பார்த்தான்.

"கூப்பிட்டு என்ன சொல்றாங்க?"

"சொல்ல வாய் கூசுதுங்க. ஒருத்தன் ரேட்டு என்னன்னு கேட்டானுங்க. ஃபோனை எடுத்தது எம்பட புள்ள, ஏழு வயசு. நானாத்தான் எவனுக்கோ நம்பரைக் குடுத்திருக்கேன்னு ஊட்டுக்காரருக்குச் சந்தேகம். புள்ளையைத் தூக்கிக்கிட்டு வெண்ணந்தூருக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டாருங்க. நம்பரு உங்க கம்பெனியில இருந்துதான் வெளிய போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அதைக் காட்டிப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்."

"எழுத்துல எதுவும் தர முடியாதும்மா. கம்பெனி பாலிசி. ஆப்பைப் போடறப்ப 'சம்மதம்'னு அழுத்தினது நீதானே? மத்த கம்பெனிகளுக்குக் குடுப்போம்னு அதுலயே சொல்லியிருக்கோம்."

"அது இங்கிலீஷ்ல அம்பது பக்கம் இருந்துச்சுங்களே."

"நாங்களா படிக்க வேண்டாம்னு சொன்னோம்?"

"இதையெல்லாம் கவர்மென்ட்டு கேக்காதுங்களா?"

"சட்டம் போட்டிருக்காங்க. முழுசா நடைமுறைக்கு வந்ததும் ஆன்லைன்ல புகார் குடு. உன் நம்பரைத்தான் கேக்கும், ஓ.டி.பி. வரும்." சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இல்லைன்னா நம்பரை மாத்திட்டுப் போயேன்."

"ஆதாரு, பேங்க்கு, கேஸு, ரேஷன் கார்டுன்னு எல்லாத்துலயும் இந்த நம்பரைத்தானுங்க கோத்து வெக்கச் சொன்னாங்க."

"இந்தக் காலத்துல நம்பர் ஒரு ரகசியமாம்மா? பயந்தவங்கதான் பிரைவசி பிரைவசின்னு கத்துவாங்க. எனக்கெல்லாம் அந்தப் பயமே கிடையாது."

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதுதான் அவளுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் நர்மதா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரிங்க சார். ஆபீஸ் நம்பர்ல யாரும் எடுக்கறதில்லைங்க. உங்க சொந்த நம்பர் கெடைக்குங்களா?"

ஈஸ்வர் திரையிலிருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தான். பிறகு தாராளமாகச் சொன்னான். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பத்து எண்ணும் அச்சடித்த மாதிரி இருந்தன. ஒரு எண்கூடத் தப்பிவிடக் கூடாது என்று இரண்டு தடவை படித்தும் காட்டினாள்.

மூன்றாவது வாரம் ஈஸ்வரின் ஃபோன் அலறத் தொடங்கியது. இந்தியில் ஒருவன், தெலுங்கில் ஒருவன், என்ன மொழி என்றே தெரியாமல் இன்னொருவன். பேச்சுக்குப் பின்னால் ஓயாத ஹாரன் சத்தம். அத்தனை பேரும் தன்னைத் திட்டுகிறார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குப் புரிந்தது.

ஒரு நம்பரைத் தடுத்தால் ஒன்பது புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒருநாள் ஒரு பெண் இந்தியில் கத்தோ கத்தென்று கத்தினாள். பக்கத்திலிருந்த அவன் மனைவி ஷாலினி "யார் இவ?" என்று கேட்டாள். அவன் சொன்ன பதிலை அவள் நம்பவில்லை. நம்பரை மாற்றலாமென்றால், வங்கியிலிருந்து பாஸ்போர்ட்வரை அவனுக்கும் எல்லாம் அதில்தான் இருந்தன.

தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தான். அண்மையில் அவன் நம்பரைப் புதிதாக வாங்கியவள் ஒருத்திதான். உடனே அவளைக் கூப்பிட்டான்.

"என் நம்பரை எந்த ஆப்புல போட்டே?"

"ஆப்புலயெல்லாம் போடலைங்க சார்."

"எங்க போட்டிருந்தாலும் எடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். நீ கேட்ட லெட்டரைத் தர்றேன்."

"மொதல்ல லெட்டரை அனுப்புங்க சார். சீலு வெச்சு அனுப்புங்க."

கம்பெனி பாலிசி போன இடம் தெரியவில்லை. பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. நம்பர் வெளியே போனது எங்கள் நிறுவனத்தால்தான், திருமதி நர்மதா இதற்கு எந்த வகையிலும் பொறுப்பல்ல என்று கையெழுத்தும் சீலுமாகப் பளிச்சென்று இருந்தது.

நர்மதா அதை அப்படியே கணவனுக்கு அனுப்பினாள். நீல டிக் விழும்வரை காத்திருந்தாள். சற்று நேரத்தில், "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று பதில் வந்தது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துக்கொண்டு ஈஸ்வரைக் கூப்பிட்டாள்.

"லெட்டர் வந்துருச்சுல்ல? இப்பவே எடுத்துடறியாம்மா?" அழாத குறையாகக் கேட்டான் அவன்.

"எப்படிங்க சார் எடுக்கறது? நான் லாரிக்குப் பெயின்ட்டுல எழுத்து எழுதறவ. வண்டி தாறுமாறாப் போனா இந்த நம்பருக்குக் கூப்பிடவும்னு பின்னால எழுதச் சொன்ன முதலாளி, அவரு நம்பர் மட்டும் வேண்டாம்னுட்டாரு."

"ஐயோ! எத்தனை வண்டியில எழுதினே?"

"நாப்பதுங்க சார், எல்லாமே நேஷனல் பர்மிட்டு!"