மேல் வீட்டு இரைச்சல்

“அறுநூற்று நாற்பது பிராங்க்! பிழை எங்கடை வீட்டில எண்டால் நாங்கள்தான் கட்டவேணுமாம்,” என்று கணவர் தம்பித்துரையிடம் கடிதத்தை மூன்றாவது தடவையாக நீட்டினாள் ஜெயகௌரி.

லாங்கன்தாலில் அந்த மாடிக் குடியிருப்பில், அவர்களுக்கு மேல் வீட்டு மோசர் கிழவருக்கு வானொலிதான் உயிர். கூரையில் அன்டெனா கட்டி உலகமெல்லாம் கதைப்பவர். மாலை ஆறு மணியானால் ஒரே இரைச்சல், யாரோ வீட்டு மின்சாமான்தான் காரணம் என்று முறைப்பாடு கொடுத்திருந்தார். வீடுவீடாகச் சோதிக்க இன்று அதிகாரி வருகிறார் என்றுதான் கடிதம்.

சரியாக ஆறு மணிக்குத்தான் ஜெயகௌரி, லைட் சுழலும் முருகன் படத்தைப் போடுவாள். பாரிசில் பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கியது.

“அந்தப் படத்தைத்தான் திங்கக்கிழமையே வெளியில குடுத்திட்டனே,” என்றார் தம்பித்துரை.

“ஐயோ, திருத்தக் குடுத்ததெண்டல்லோ சொன்னியள்! சாமியைக் குப்பையில போட்டியளோ?”

“எனக்கென்ன விசரோ? நல்ல இடமாப் போயிருக்கும். நீ பேசாம இரு.”

வாசல் மணி அடித்தது. மீன்முள்ளுப் போல அன்டெனா பூட்டிய ஒரு கருவியோடு அதிகாரி நின்றார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தவர், “என்ன, பிரிட்ஜின் வயரையும் கழற்றி வைத்திருக்கிறீர்களே?” என்றார்.

“கரண்டை மிச்சம் பிடிக்கிறம்,” என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சமாளித்தார் தம்பித்துரை.

“ஓம், இறைச்சி முழுக்க உருகுது,” என்று தமிழில் முணுமுணுத்தாள் ஜெயகௌரி.

அதிகாரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கருவி மெல்ல முனகியதோடு சரி.

“உங்களிடம் பிழை இல்லை. சத்தம் மேலிருந்து வருகிறது. திங்கள் முதல் இரண்டு மடங்காகிவிட்டதாம்.”

தம்பித்துரைக்கு மூச்சு வந்தது. ஆனால் திங்கள் என்றதும் அவசரமாகச் செருப்பைத் தேடினார். அதிகாரிக்குப் பின்னால் அவரும் படியேறினார்.

மோசரின் கதவடியில் கருவி வீரிட்டது. கிழவரும் அதிகாரியும் வானொலி அறைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் நின்று, யாரோ தூரதேசத்துக்காரனின் குரல் துப்புரவாகக் கேட்டது.

அதிகாரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “முறைப்பாடு சொன்னவர் வீட்டிலேயே பிழை! ஒருவருக்கும் பில் இல்லை.” கையிலிருந்த தாளை இரண்டாகக் கிழித்தார்.

தம்பித்துரை மெல்ல எட்டிப் பார்த்தார். மேசையில், வயர் கழற்றிய முருகன் சிரித்தபடி நின்றார். கீழ் வாசலில் வைத்தபோது தம்பித்துரை தன் கையால் எழுதி ஒட்டிய ‘இலவசம், விரும்பியவர் எடுக்கலாம்’ என்ற அட்டை இன்னும் அவர் காலடியில் இருந்தது.