பின்னாலிருந்து தேடு

"இன்னாங்க, ரோட்டையே மறிச்சிட்டாங்களாம். இன்னிக்குப் போய்த்தான் ஆவணுமா?" என்றாள் அபிநயா.

"ஆவணும். பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பலன்னா மேனேஜர் கிழிச்சிடுவாரு," என்றபடி ஜீவா லேப்டாப்பைப் பையில் திணித்தான்.

கொரோனா வந்ததிலிருந்து சென்னைக் கம்பெனிக்கு வடக்கனந்தல் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். அன்று காலையிலிருந்து நெட் இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் போனால்தான் அனுப்ப முடியும். வழியிலோ இட ஒதுக்கீடு கேட்டு மறியல்.

"அப்படி இன்னாதான் எழுதினீங்க?"

"ஒரு நீள வரியில ஒரே வார்த்தை நாலஞ்சு தபா வருதுன்னு வெச்சிக்க. அதத் தேடுற எங்க புரோகிராம், ஸ்டிரிங் கிளாஸுன்னு பேரு, முன்னாலேர்ந்து தேடி, மொதல்ல வர்றதத்தான் காட்டும். நான் பின்னாலேர்ந்து தேடி, கடைசியா வர்றதக் காட்டுற மெத்தட் ஒண்ணு சேர்த்துக்கீறேன்."

"இதுக்கா மூணு நாளு?"

ஜீவாவுக்குச் சுருக்கென்றது. உண்மையில் அது ஒரு மணி நேர வேலை. முதல் நாள் எழுதியது நிற்காமல் தேடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் எழுதியது நின்றது. ஆனால் வரியின் முதல் எழுத்தைப் பார்க்காமலேயே நின்றது. இத்தனைக்கும் அவனே கேட்டு வாங்கிய வேலை. ஆள் குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும், மீட்டிங்கில் முந்திக்கொண்டு "நான் பண்றேன் சார்" என்றிருந்தான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மறியலில் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய பெரியப்பா மாயவன்.

"உன்ன மாதிரி புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கணும்னுதான்டா வெயில்ல குந்திகினு கீறோம். நீ எங்க போற?"

"இருக்கிற வேலைய காப்பாத்திக்கப் போறேன் பெரிப்பா. வழி வுடுங்க."

மாயவன் துள்ளி எழுந்தார். "யோவ், நம்ம புள்ள! கம்ப்யூட்டர் இஞ்சினீரு! வுடுங்கய்யா!"

கூட்டம் விலகியது. யாரோ கைதட்டினார்கள். ஒற்றைக் கையால் பைக்கை ஓட்டியபடி, மறுகையைத் தேர்தலில் ஜெயித்தவனைப் போல ஆட்டிக்கொண்டே போனான் ஜீவா.

கள்ளக்குறிச்சியில் நண்பனின் செல்போன் கடையில் உட்கார்ந்து, பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பிவிட்டான். அரை மணி நேரத்தில் மேனேஜர் தெய்வசிகாமணி கூப்பிட்டார்.

"பிரமாதம் ஜீவா! ஒரு தப்பு இல்ல. உடனே ஓட்டிப் பாத்தாச்சு."

ஜீவாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எதுக்கு சார் அது? அடுத்த புராஜெக்டுக்கா?"

"இல்லப்பா, ஆள் குறைப்பு லிஸ்ட் எடுக்கத்தான். ஒவ்வொருத்தரும் வருஷா வருஷம் வாங்கின கிரேடு ஒரே வரியில வரிசையா இருக்கு. பழைய புரோகிராம் 'கிரேடு'ங்கிற வார்த்தைய முன்னாலேர்ந்து தேடி, முதல் வருஷ கிரேடையே எடுத்துட்டிருந்துச்சு. முதல் வருஷம் நீங்க 'ஏ' வாங்கியிருக்கீங்க."

"ஆமா சார்!"

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"இப்ப அது கடைசி வருஷ கிரேடைச் சரியா எடுத்துடுச்சு. அதனால நேத்து வரைக்கும் லிஸ்ட்டுல இல்லாத பேரு ஒண்ணே ஒண்ணு புதுசா சேர்ந்திருக்கு... சாரி, ஜீவா."