இறுதி ஆட்டத்தில் ஆறு விக்கெட்

நாற்பத்தொரு நாளாக ரஜீவ் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

"லெட்டர் வந்துச்சாண்ணே?"

காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் போகக் கூடியிருப்பவர்களின் நடுவே, சிவஞானம் தபால் பையைத் திறந்து பெயர் கூப்பிடும்போது கேட்பான்.

தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். அதை வாங்கிவந்து கொடுப்பது சிவஞானத்தின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தோட்டத்து அணியின் கேப்டன்.

இலங்கை உலகக் கோப்பையை வென்ற மறுவருடம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஒரு மட்டை கிடந்தது. பதுளையிலிருந்து வந்த ஒருவர் ரஜீவின் சுழற்பந்தை வேலியோரம் நின்று பார்த்தார். மாவட்ட அணித் தேர்வுக்குக் கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனார். அன்றிலிருந்துதான் இந்தக் கேள்வி.

இன்று ரஜீவ் கேட்கவில்லை. நமுனுகுல சந்தியில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றான். கொழும்பில் இரும்புக் கடையில் வேலை.

சிவஞானம் தபால் பையைத் தோளில் மாட்டியபடி பக்கத்தில் நின்றான்.

வேகமாக ஓடிவந்து பந்து போட அணியில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் போடுவான். ரஜீவுக்குப் பதில் ஆள் இல்லை. ஆடுகளத்தில் விரித்த பாயில் குத்தி அவன் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று விக்கெட் கீப்பருக்கே தெரியாது.

தோட்டங்களுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஹல்துமுல்லைக்காரர்கள் ஒரு விக்கெட்டுக்கு எழுபது எடுத்திருந்தார்கள். சிவஞானம் பந்தை ரஜீவிடம் கொடுத்தான். தொண்ணூற்றொன்றில் எல்லாரும் அவுட். ரஜீவுக்கு ஆறு.

கோப்பை ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. சிவஞானம் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"இனிமே ஆணிதான் நிறுக்கணும்ணே," என்று ரஜீவ் சிரித்தான். "அது எந்தப் பக்கமும் திரும்பாது."

சிவஞானம் சிரிக்கவில்லை.

வளைவில் பஸ் தெரிந்தது.

"விடுங்கண்ணே. நம்ம ஆட்டம் தோட்டத்துக்குத்தான் போதும், பதுளைக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க ஒருத்தர்தான் என்னை நம்பிப் பந்தைக் குடுத்தீங்க."

பந்தை வாங்கியதும் அதை விரல்களுக்குள் உருட்டிப் பார்ப்பது ரஜீவின் பழக்கம். இப்போது பெட்டியின் கைப்பிடியை அப்படித்தான் உருட்டிக்கொண்டிருந்தான்.

பஸ் நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினான். ரஜீவ் படியில் கால் வைத்தான்.

சிவஞானம் அவன் கையைப் பிடித்தான்.

"லெட்டர் வந்துச்சுடா. பதினெட்டாம் நாளே வந்துச்சு. நம்ம பைனல் நடந்த அதே ஞாயித்துக்கிழமை உன்னைப் பதுளைக்கு வரச் சொல்லியிருந்தாங்க."