நாலே முக்கால் பஸ்

“குவாரிக்குள்ள என்னத்தப் பாக்கப் போறீய? பொம்பளப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வார இடமா இது?” என்று கண்டக்டர் எரிந்து விழுந்தான்.

“ஹைக் வந்திருக்கோம்” என்றார் ஸ்டெல்லாமேரி டீச்சர். “சாரணியர் பிள்ளைங்க. நடந்து சுத்திப் பார்த்துட்டு உங்க பஸ்லயே திரும்பிருவோம்.”

“நாலே முக்காலுக்கு வருவேன். அத விட்டா நாளைக்குக் காலையிலதான் பஸ். ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

விசில் ஊதினான். பஸ் கிளப்பிய கரிசல் புழுதி ஆறு பிள்ளைகள் முகத்திலும் அப்பியது.

“வாயப் பாரு, கட்டையில போறவன்!” என்று பஸ்ஸின் முதுகைப் பார்த்துத் திட்டினாள் சுந்தரம்மாள்.

சுந்தரம்மாள் பள்ளிக்கூடத்து ஆயா. அதற்கு முன் பத்து வருஷம் இதே குவாரியில் ஜல்லி உடைத்தவள். எழுபத்தாறில் குவாரியை மூடினார்கள். காட்டிலாகாக்காரர்கள் மரம் நட்டு, இந்த எட்டு வருஷத்தில் அது சோலையாகிவிட்டதாம். வழி தெரிந்தவர் யார் என்று டீச்சர் விசாரித்தபோது, “நான் எதுக்கு இருக்கேன்? கண்ணக் கட்டி விட்டாலும் வெளிய வந்துருவேன்” என்று மார்தட்டியவள் இவள்தான்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. வேம்பு, புங்கை, வாகை என்று வழியெல்லாம் நிழல். கல் வெட்டிய கிடங்குகளில் தண்ணீர் நிறைந்து நீர்க்கோழிகள் நீந்தின. கோவில்பட்டிப் பக்கம் இப்படியும் ஒரு இடமா என்று டீச்சரே வாயைப் பிளந்தார். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

திரும்பும்போதுதான் சுந்தரம்மாளுக்கு வழி தப்பியது.

அவளுக்குத் தெரிந்த குவாரியில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. எங்கே நின்றாலும் கல் அரைக்கிற கிரஷர் கொட்டகை தெரியும். அதை வைத்துத்தான் வழி. இப்போது கொட்டகையும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே இலை. பழைய லாரித் தடம் என்று நம்பி இறங்கினால், இரண்டடி முன்னால் தரையே இல்லை. கொடி மூடிய விளிம்பு, கீழே பச்சைத் தண்ணீர்.

“ஏட்டி பேபி! நில்லுட்டி! ஒரு எட்டு வைக்காத!”

முன்னால் போன அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிடங்கில் விழுந்தவர்களில் ஒருத்தரைக்கூட உயிரோடு தூக்கி அவள் பார்த்ததில்லை.

“மணி என்ன டீச்சர்?”

“நாலே முக்கால்.”

பிள்ளைகளில் இரண்டு அழ ஆரம்பித்தன.

“வழி தெரியும்ல சுந்தரம்மா?” என்று கேட்டார் டீச்சர்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியல டீச்சர். எல்லாம் மாறிக் கெடக்கு. என்னய நம்பி வந்துட்டீங்களே!”

இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். இருட்டில் எது தடம், எது கிடங்கு? ஆறு தாய்மாருக்கு என்ன பதில் சொல்வது?

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பாம்ம்ம் என்று நீளமாக, விடாமல்.

“வேட்டுச் சங்கு!” என்று அலறினாள் சுந்தரம்மாள். “பாறை மறைவுக்கு ஓடுங்க! தலையில கைய வச்சுக் குனிங்க!”

குவாரியில் சங்கு ஊதினால் திரியில் தீ வைத்தாயிற்று என்று அர்த்தம். மறைவில் பதுங்காதவன் தலையில் கல் விழும். பத்து வருஷம் ரத்தத்தில் ஊறிய பயம். இரண்டு பிள்ளைகளை மார்புக்கடியில் அமுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. சத்தம் நின்றது. மறுபடியும் கேட்டது.

டீச்சர்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். “குவாரியத்தான் மூடியாச்சே! இப்ப யாரு வெடி வைப்பாங்க? அது பஸ் ஹாரன், சுந்தரம்மா!”

“பஸ்ஸா? அப்ப ரோடு அந்தப் பக்கந்தான்!”

கை கோத்துக்கொண்டு சத்தம் வந்த திக்கில் நடந்தார்கள். கிடங்கு குறுக்கிட்டால் சுற்றினார்கள். சத்தம் நின்றபோதெல்லாம், போயேவிட்டானோ என்று எல்லோருக்கும் உயிர் போய் வந்தது.

ரோட்டுக்கு வந்தபோது மணி ஐந்தேகால். பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் குனிந்து எதையோ குடைந்துகொண்டிருந்தார். உள்ளே பயணிகள் கண்டக்டரை வறுத்தெடுத்தார்கள்.

“அரை மணி நேரமா காதச் செவிடாக்கிட்டியளே! எனக்கு ஆறு மணிக்கு ரயிலு!” என்று கத்தினார், பெட்டியும் கையுமாக இருந்த சங்கரபாண்டி.

“நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஆரன் மாட்டிக்கிச்சு. அதுபாட்டுக்கு அடிக்குது. இத வச்சிக்கிட்டு எப்படி வண்டிய எடுக்க?” என்ற கண்டக்டர், சுந்தரம்மாளைக் கண்டதும் வள்ளென்று பாய்ந்தான். “டயத்துக்கு வரத் தெரியாதோ? ஏறுங்க, ஏறுங்க!”

வண்டி மட்டும் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் விட்டுவிட்டுத்தான் போயிருப்பான், பாவி. சுந்தரம்மாள் மனசுக்குள் அந்த ஹாரனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடைசி ஆளாக ஏறினாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது. ஹாரன் கப்சிப்.

“என்னய்யா, ஆரன் அதுக்குள்ள சரியாயிட்டோ?” என்று கேட்டார் சங்கரபாண்டி.

“காலையில இங்கன எட்டு டிக்கெட்ட இறக்கிவிட்டேன் அண்ணாச்சி. எட்டும் ஏறியாச்சு” என்றான் கண்டக்டர். “இனிமே அடிக்காது.”