செவ்வாய்க்கிழமை வந்த சாளை

கடலுக்கும் கதை கேட்கக் காதிருந்த காலத்தில், மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் ஒரு மாவட்டம் இருந்ததாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவில் மணல் திட்டு. மீன்தான் அங்கே பிழைப்பு. ஆனால் செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு. அன்றைக்கு யாரும் கடலில் வலை வீசமாட்டார்கள்.

அப்படி ஒரு செவ்வாயன்று, ஒரு சாளை மீன் முகத்துவாரம் வழியாக ஒய்யாரமாகக் காயலுக்குள் வந்தது.

கரையிலிருந்த நண்டு பதறிப்போனது. "திரும்பிப் போ தம்பி! காயலுக்கு ஓய்வு வியாழக்கிழமைதான். அதோ, மீனவர் அட்ஜெய் வலையோட வர்றாரு!"

"இதுவும் அதே மாவட்டம்தானே, நண்டண்ணே? மாவட்டம் ஒன்று என்றால் சட்டமும் ஒன்று," என்றது சாளை.

"மாவட்டம் ஒண்ணுதான். தண்ணி ரெண்டாச்சே!"

"சட்டம் தெரியாத ஆளோடு பேசிப் பயனில்லை," என்று சாளை வாலை ஆட்டும்போதே வலை விழுந்தது.

"அநியாயம்! இன்றைக்குச் செவ்வாய்! நான் யாரிடம் முறையிடுவது, அண்ணே?" என்று அட்ஜெயின் கூடைக்குள்ளிருந்து கத்தியது சாளை.

"மாவட்ட ஆபீஸ் சந்தையைத் தாண்டி இருக்கு. கூடை அந்த வழியாத்தான் போகும்," என்றது நண்டு. "ஆனா மீனைப் புகையில வாட்டுற அடுப்பு அதுக்கு முன்னாடியே வந்துரும்."

சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நடந்து போய்விட்டது.